மெழுகு உருளையில் ஏறிய பாட்டு: பூர்வகுடிகளின் தரவு இறையாண்மை என்றால் என்ன?

1890-ஆம் ஆண்டு மார்ச் மாதம். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலத்தில் காலஸ் என்ற சின்ன ஊர். ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு புது இயந்திரத்தோடு அங்கே வந்து இறங்கினார். எடிசனின் போனோகிராப். அதன் குழாய்க்கு வாயை நெருக்கி வைத்துப் பேசினால், உள்ளே சுழலும் மெழுகு உருளையில் ஊசி கோடு கிழித்துக்கொண்டே போகும். திரும்ப ஓட்டினால் பேசியவரின் குரல் கேட்கும். ஓர் உருளையில் இரண்டு மூன்று நிமிடம்தான் பிடிக்கும். ஃபியூக்ஸ் அடுத்துப் போகவிருந்தது தென்மேற்கில் வாழ்ந்த சூனி மக்களிடம். அதற்கு முன் கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளத்தான் காலஸுக்கு வந்தார். பாசமாகுவாடி என்ற பூர்வகுடியைச் சேர்ந்த நோயல் ஜோசஃப்ஸும் பீட்டர் செல்மோரும் அந்தக் குழாயில் பாடினார்கள், கதை சொன்னார்கள். ஆய்வாளர் ஒருவர் மக்களைத் தேடிப்போய் ஒலிப்பதிவு செய்தது உலகில் அதுதான் முதல் முறை என்று சொல்கிறார்கள்.

உருளைகள் அருங்காட்சியகத்துக்குப் போயின. பிறகு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு மாறின. பாடியவர்கள் காலமானார்கள். அந்த மக்களின் அடுத்தடுத்த தலைமுறைகளில் தாய்மொழி பேசுகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஏறக்குறைய 90 ஆண்டுகள் கழித்து, 1980-களில், நகல் எடுத்த ஒலிநாடாக்கள் அவர்கள் கைக்கு வந்தன. அதிலும் குரலைவிட இரைச்சல்தான் அதிகம். அப்புறம் டிஜிட்டல் முறையில் இரைச்சலைக் களைந்த பிறகுதான் சொற்கள் காதில் விழ ஆரம்பித்தன. டுவெய்ன் டோமா போன்ற மொழிக் காவலர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சொல் சொல்லாக எழுதியெடுத்தார்கள். யோசித்துப் பாருங்கள்: தன் முன்னோர் பாடிய பாட்டைக் கேட்க ஒருவர் நூலகத்தின் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

அந்தப் பாட்டு யாருடையது? பொதுவான சட்ட வழக்கப்படி ஒரு பதிவின் மீது உரிமை பதிவு செய்தவருக்கோ வைத்திருக்கும் நிறுவனத்துக்கோதான். பாடியவருக்கு இல்லை, அவருக்குப் பாட்டைக் கொடுத்த சமூகத்துக்குச் சுத்தமாக இல்லை. பாசமாகுவாடி மக்கள் கேட்டதோ வேறொரு கேள்வி: 'இந்தப் பாட்டை யார் கேட்கலாம், எதற்குப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்கிற உரிமை யாருக்கு?' இந்தக் கேள்வியைச் சுற்றி வளர்ந்த கருத்துக்குப் பெயர்தான் தரவு இறையாண்மை.

பெயர் கொஞ்சம் கனமாக இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் எளிது. தரவு என்றால் எண்களும் அட்டவணைகளும் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். பாட்டியின் தாலாட்டுப் பதிவு, மூலிகைப் பெயர்களின் பட்டியல், பழைய புகைப்படம், வம்சாவளி, காட்டுக்குள் போகும் பாதையின் வரைபடம், ஆய்வுக்காகக் கொடுத்த ரத்த மாதிரி எல்லாமே தரவுதான். இறையாண்மை என்றால் கடைசி வார்த்தை யாருடையது என்பது. இரண்டையும் சேர்த்தால்: ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றிய, அவர்களிடமிருந்து வந்த தரவை எப்படிச் சேகரிப்பது, எங்கே வைப்பது, யாருக்குத் திறப்பது என்பதில் அந்த மக்களின் சொல்லே கடைசிச் சொல்லாக இருக்க வேண்டும்.

நமக்குப் பழக்கமான தனியுரிமை என்ற கருத்திலிருந்து இது ஓரிடத்தில் விலகுகிறது. தனியுரிமை தனி ஆளைப் பற்றியது. என் கைபேசி எண், என் மருத்துவ அறிக்கை, என் சம்மதம். ஒரு மொழியையோ ஒரு சடங்குப் பாட்டையோ அப்படித் தனி ஆளின் கணக்கில் எழுத முடியாது. ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார் என்பதால் ஊரே கொடுத்ததாகிவிடுமா?

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் மக்களுக்கு நடந்தது இதற்கு நல்ல உதாரணம். 1990 வாக்கில் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அவர்கள் ரத்த மாதிரி கொடுத்தார்கள். நீரிழிவு அவர்களை வாட்டிக்கொண்டிருந்தது, அதற்கு வழி தேடுகிறார்கள் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். பின்னால் அதே ரத்தத்தை மனச்சிதைவு நோய் பற்றிய ஆய்வுக்கும், அவர்களின் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் பயன்படுத்தியிருந்தது தெரியவந்தது. இந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றினோம் என்பது அவர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு எதிரான ஆய்வுக்கு அவர்களின் ரத்தமே சாட்சியாகிவிட்டது. வழக்கு நடந்து, 2010-ல் 7 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. மிச்சமிருந்த ரத்த மாதிரிகளும் திரும்பி வந்தன. அவற்றைச் சடங்கு செய்து சொந்த மண்ணுக்குக் கொண்டுபோனார்கள்.

குறில், நெடில், 310 மணி நேரம்

இனி மொழிக்கு வருவோம். தொழில்நுட்பமும் பூர்வகுடி மொழியும் சேரும்போது என்ன நடக்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்து நியூசிலாந்தைவிட நல்ல உதாரணம் இல்லை. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மொழி தானாகத் தேயவில்லை. 1867-ல் வந்த பள்ளிச் சட்டம் மாவோரிப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பயிற்று மொழியாக்கியது. மாவோரி பேசியதற்காக வகுப்பில் அடிவாங்கிய தலைமுறைகள் உண்டு. அடிவாங்கியவர்கள் பெற்றோரானதும், தம் பிள்ளைகளுக்கு அந்த வலி வேண்டாம் என்று வீட்டிலும் ஆங்கிலம் பேசினார்கள். 1972-ல் 30,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு ஒரு மனு நாடாளுமன்றத்துக்குப் போனது: பள்ளியில் எங்கள் மொழியைச் சொல்லிக்கொடுங்கள் என்று. 1982-ல் கோஹங்கா ரெயோ தொடங்கியது. 'மொழிக்கூடு' என்று பொருள். மொழி தெரிந்த தாத்தா பாட்டிகள், பேச்சு வரும் வயதுப் பிள்ளைகளை நாள் முழுக்க மாவோரியிலேயே வளர்க்கும் இடம். நடுவில் மொழியை இழந்த தலைமுறையைத் தாண்டிக்கொண்டு, பாட்டியிடமிருந்து பேத்திக்கு நேராக ஒரு பாலம் போட்டார்கள். 1987-ல் மாவோரி ஆட்சிமொழியானது.

இந்தப் பின்னணியில் வருகிறது டெ ஹிகு மீடியா. நாட்டின் வடகோடியில் காய்டாயா என்ற ஊரில், அந்த வட்டார மாவோரிக் குடிகள் நடத்தும் வானொலி. பல ஆண்டுகளாகப் பெரியவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். பேசியவர்களில் சிலர் 19-ஆம் நூற்றாண்டில் பிறந்தவர்கள். அவ்வளவு பதிவையும் கேட்டு எழுத ஆள் எங்கே? அந்த வேலையைக் கணினியிடம் கொடுக்கலாமா என்று நிலையத்தை நடத்தும் பீட்டர்-லூகஸ் ஜோன்ஸும் தொழில்நுட்பம் பார்த்த கேயோனி மஹெலோனாவும் யோசித்தார்கள்.

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளைப் பயிற்றுவிக்க, ஒலியும் அதற்குரிய சரியான எழுத்தும் ஜோடி ஜோடியாக ஏராளமாக வேண்டும். 2018-ல் அவர்கள் தம் மக்களிடமே கேட்டார்கள். வாக்கியங்களைத் திரையில் காட்டுகிறோம், படித்துப் பதிவு செய்து கொடுங்கள். குழுக்களுக்கு இடையே போட்டியும் வைத்தார்கள். பத்தே நாளில் சுமார் 2,500 பேர் படித்துக் கொடுத்தார்கள். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கியங்கள், ஏறத்தாழ 310 மணி நேர ஒலி. ஒரு பெரிய நிறுவனம் கேட்டிருந்தால் இது கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். தெரிந்தவர்கள் கேட்டார்கள், எதற்கு என்று சொல்லிக் கேட்டார்கள், அதனால் கிடைத்தது. அதை வைத்துப் பயிற்றுவித்த மென்பொருள் 92 சதவீதத் துல்லியத்தோடு மாவோரியை எழுதுவதாக அவர்கள் சொல்கிறார்கள்.

துல்லியம் என்பது இங்கே என்ன என்று தமிழ் தெரிந்தவர்களுக்கு விளக்குவது சுலபம். மாவோரியில் நம்மைப் போலவே குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். 'கெகெ' என்றால் கேக். 'கேகே' என்றால் அக்குள். 'வஹினெ' ஒரு பெண், 'வாஹினெ' பல பெண்கள். ஆங்கிலக் காதோடு வளர்ந்த மென்பொருள் இந்த நீளத்தைக் காதில் வாங்காமல் போனால், எழுதித் தருவது மாவோரி மாதிரி இருக்கும், மாவோரியாக இருக்காது. எது பிழை என்று சொல்லத் தெரிந்தவர்கள் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.

சரி, இவ்வளவு நல்ல தரவு சேர்ந்துவிட்டது. அடுத்து என்ன? விலை பேச ஆட்கள் வந்தார்கள். மாவோரிப் பேச்சுப் பதிவுக்கு மணிக்கு 45 டாலர் தருவதாக ஓர் அமெரிக்க நிறுவனம் கேட்டது. டெ ஹிகு மறுத்துவிட்டது. அந்தக் குரல்களை வைத்து அந்நிறுவனம் ஒரு சேவை செய்து, அதையே மாவோரிகளுக்கு விலைக்கு விற்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அடித்து ஒழிக்கப் பார்த்த மொழியை இப்போது வாங்கி விற்பதா என்ற கோபம் அதில் இருந்தது, நியாயமான கோபம்.

அதே சமயம் எல்லாவற்றையும் பெட்டியில் பூட்டியும் வைக்கவில்லை. கைட்டியாகிட்டங்கா என்ற சொல்லின் பெயரில் ஓர் உரிமம் எழுதினார்கள். காவல் காப்பது, அடுத்த தலைமுறைக்காகப் பேணுவது என்ற பொருள் கொண்ட சொல் அது. காட்டையும் கடலையும் பேணுவதற்குச் சொல்வதைத் தரவுக்கும் சொன்னார்கள். இந்த உரிமத்தின்படி டெ ஹிகு அந்தத் தரவின் சொந்தக்காரர் இல்லை, காவலர். பயன்படுத்த விரும்புகிறவர் கேட்க வேண்டும். பயன் மாவோரி மக்களுக்குத் திரும்பி வர வேண்டும்.

கேட்காமல் எடுத்தால்

2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் விஸ்பர் என்ற பேச்சறிதல் மென்பொருளை வெளியிட்டது. இணையத்திலிருந்து அள்ளிய 6,80,000 மணி நேர ஒலியில் பயிற்சி பெற்றது. அதனுடன் வந்த ஆய்வுக் கட்டுரையின் பட்டியலில் மாவோரிக்கு 1,381 மணி நேரமும் ஹவாய் மொழிக்கு 338 மணி நேரமும் என்று போட்டிருந்தது. டெ ஹிகு ஆட்கள் கேட்ட முதல் கேள்வி: எங்கிருந்து வந்தது, யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?

அந்தக் கட்டுரையிலேயே இன்னொரு தகவலும் உண்டு. வெல்ஷ் மொழியின் கணக்கில் சுமார் 9,000 மணி நேரம் சேர்ந்திருந்தும் மொழிபெயர்ப்பு மோசமாக இருக்கிறதே என்று பார்த்தார்களாம். அதில் பெரும்பகுதி ஆங்கிலப் பேச்சு. மொழியை அடையாளம் காணும் நிரல் தவறாக வெல்ஷ் என்று முத்திரை குத்தியிருந்தது. சேகரித்தவர்களுக்கு அந்த மொழி தெரியாதபோது கைக்கு வந்தது அந்த மொழிதானா என்பதே தெரிவதில்லை. ஆகவே கேட்டு எடுப்பது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை, தரமும் அதில்தான் இருக்கிறது.

தரம் கெட்டால் சிறிய மொழிக்கு அடி பலமாக விழும். இயந்திரம் தமிழில் தப்பாக எழுதினால் சிரித்துவிட்டுத் திருத்த கோடிக்கணக்கான பேர் இருக்கிறோம். கொஞ்சம் பேர் மட்டும் பேசும் மொழியில், இணையத்தில் கிடைக்கும் பக்கங்களை நம்பிக் கற்கும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை எதைக் கொண்டு சரிபார்க்கும்? கிரீன்லாந்து மொழி விக்கிப்பீடியாவில் இது நடந்தது. கட்டுரைகளில் பெரும்பாலானவற்றை மொழி தெரியாதவர்கள் எழுதியிருந்தார்கள், இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டியிருந்தார்கள். மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் பயிற்சிக்கு எடுப்பதும் இப்படிப்பட்ட பக்கங்களைத்தான். பிழை பிழையைப் பெற்றுக்கொண்டே போகும். கடைசியில் அதைப் பராமரித்துவந்த நிர்வாகியே மூடிவிடச் சொன்னார். 2025-ல் மூடுவதென்று முடிவானது.

கேட்டு எடுத்தாலும் தகராறு வரும் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் லகோட்டா மொழிக்காகப் பல ஆண்டு வேலை செய்த ஓர் அமைப்பு இருக்கிறது. பெரியவர்களிடம் பதிவு செய்து அகராதி, பாடநூல் எல்லாம் தயாரித்தது. புத்தகங்களில் பதிப்புரிமை அமைப்பின் பெயரில். தம் பாட்டி சொன்ன சொற்களைத் தாமே விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறதே என்று லகோட்டா மக்களில் பலர் கொதித்தார்கள். பதிப்புரிமை புத்தகத்துக்குத்தான், மொழிக்கு இல்லை என்று அமைப்பு பதில் சொன்னது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் 2021-ல் லகோட்டா மக்கள் வாழும் ஸ்டாண்டிங் ராக் பகுதியின் பழங்குடி மன்றம் அந்த அமைப்பைத் தம் நிலத்துக்குள் வரக்கூடாதென்று வாக்களித்துத் தடை செய்தது. நல்ல நோக்கம் இருந்தது, உழைப்பும் இருந்தது. யாருடைய பெயரில் முடியும் என்பதை முதல் நாளே பேசியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

எல்லாம் எல்லோருக்குமா?

இணையத்தில் வளர்ந்த நம்மில் பலருக்கு ஜீரணிக்கக் கடினமான பகுதி இதுதான். அறிவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதை நானும் மனதார நம்பி வந்தவன். அந்த நம்பிக்கையை விடவில்லை. ஆனால் அது எல்லா அறிவுக்கும் பொருந்தாது என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு நாளாயிற்று.

நவஹோ மக்களிடம் கயோட்டி என்ற நரியின் கதைகள் உண்டு. குளிர்காலத்தில் மட்டும்தான் சொல்ல வேண்டும். வட அமெரிக்காவின் வேறு பல குடிகளிலும் இப்படிப் பருவக் கட்டுப்பாடு இருக்கிறது. இந்தக் கதைகளைத் தின்று வளர்ந்த ஓர் அரட்டை மென்பொருள் நடு வேனிலில், ராத்திரி இரண்டு மணிக்கு, யார் கேட்டாலும் சொல்லும். அதற்குப் பருவம் தெரியாது, கேட்பவர் யாரென்றும் தெரியாது. கதையின் சொற்கள் மாறாமல் இருக்கலாம், கதை இருந்த இடம் போய்விட்டது. இதேபோல ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் பலரிடம், இறந்தவரின் பெயரையும் படத்தையும் துக்க காலத்தில் தவிர்க்கும் வழக்கம் உண்டு. அந்நாட்டுத் தொலைக்காட்சியில் அதற்காக முன்னெச்சரிக்கை போடுவார்கள். ஒரு பழைய புகைப்படத்தை அசையவைத்துப் பேசவைக்கும் இன்றைய செயலிகளை அந்த வீட்டார் எப்படிப் பார்ப்பார்கள்?

தொழில்நுட்பம் இந்த வழக்கங்களுக்கு எதிரியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக்கில் வருமுங்கு மக்களோடு சேர்ந்து கிம் கிறிஸ்டன் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் முகுர்ட்டு என்ற ஆவணக் காப்பு மென்பொருளைச் செய்தார்கள். முகுர்ட்டு என்பது பெரியவர்கள் புனிதப் பொருள்களைப் பத்திரமாக வைக்கும் பை. உள்ளே நுழைகிறவர் எந்தக் குடும்பம், ஆணா பெண்ணா, எந்த ஊர் என்பதைப் பொறுத்து அவருக்குரியவை மட்டும் திரையில் வரும். பெண்கள் மட்டும் பார்க்க வேண்டிய சடங்குப் படம் பெண்களுக்கே திறக்கும். வழக்கமாக ஒரு தளத்தில் பொது, தனி என்று இரண்டே பொத்தான் இருக்கும். அந்த ஊரின் உறவுமுறையையே பொத்தான்களாக்க முடியும் என்று இங்கே காட்டினார்கள்.

பாசமாகுவாடிப் பாட்டுகளும் இப்படி ஒரு வழியில்தான் மீண்டன. 2018-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையப் பட்டியலில் அந்தப் பதிவுகளுக்கு மக்களின் சொந்த மொழியில் தலைப்புகள் வந்தன, கூடவே மரபறிவு முத்திரைகள் என்ற அடையாளக் குறிகளும். 'இது விற்பனைக்கல்ல' என்று ஒரு முத்திரை அவர்கள் மொழியிலேயே சொல்கிறது. எல்லாப் பதிவையும் அவர்கள் வெளியில் திறந்துவிடவில்லை. எது பொது, எது வீட்டுக்குள் என்று அவர்களே பிரித்தார்கள்.

இதற்கெல்லாம் உலக அளவில் ஆதாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஐ.நா. 2007-ல் ஏற்ற பூர்வகுடி மக்களின் உரிமைப் பிரகடனத்தில் 31-ஆவது பிரிவு, மரபறிவையும் பண்பாட்டுச் சொத்தையும் பேணவும் கட்டுப்படுத்தவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது. கனடாவின் பூர்வகுடிகள் 1990-களின் இறுதியிலேயே உரிமை, கட்டுப்பாடு, அணுக்கம், கைவசம் என்ற நான்கையும் கேட்டார்கள். 2019-ல் பூர்வகுடிகளின் தரவுக்கான கேர் (CARE) நெறிகள் வந்தன: கூட்டுப் பயன், முடிவெடுக்கும் அதிகாரம், பொறுப்பு, அறம். தரவு எளிதாகக் கிடைக்க வேண்டும், மறுபடி பயன்பட வேண்டும் என்று விஞ்ஞானிகள் ஏற்கெனவே வகுத்திருந்த நெறிகள் தரவைப் பற்றி மட்டும் பேசின, மனிதர்களை விட்டுவிட்டன என்பதால் பக்கத்திலேயே இவற்றை வைத்தார்கள். பிரகடனமும் நெறியும் சட்டம் ஆகாது. ஆனாலும் பேச்சுவார்த்தை மேசையில் கையில் வைத்துக்கொள்ள ஒரு தாள் கிடைத்தது.

ஒரு கஷ்டமான கேள்வி மிச்சம் இருக்கிறது. சமூகம் முடிவு செய்ய வேண்டும் என்கிறோம். சமூகம் என்றால் யார்? கேரளத்தின் அகத்தியமலைப் பக்கம் வாழும் காணி மக்களின் கதையில் இது நன்றாகத் தெரியும். 1987-ல் மலையேறிய விஞ்ஞானிகள் களைத்துப்போக, வழிகாட்டிய காணிகள் ஏதோ சிறு பழங்களைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். விசாரித்ததில் ஆரோக்கியபச்சை என்ற செடி தெரியவந்தது. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து பிறந்தது. தயாரிக்கும் உரிமம் 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத உரிமத்தொகைக்கும் போனது. அதில் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடு, 1997-ல் அதற்கு ஓர் அறக்கட்டளையும் வந்தது. பயனைப் பகிர்ந்ததற்கு முன்மாதிரி என்று உலகமே பாராட்டியது. ஆனால் காணிகளின் வைத்தியர்களான பிலாத்திகளில் சிலர் எதிர்த்தார்கள். அந்த அறிவு எங்கள் பொறுப்பில் இருப்பது, வழிகாட்டப் போன இளைஞர்கள் அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது என்றார்கள். இரு தரப்பும் காணிகள்தான். வெளியாள் ஒருவர் தமக்கு வசதியான தரப்பைச் 'சமூகம்' என்று சொல்லிக்கொண்டால் அங்கேயே தவறு தொடங்கிவிடும். நேரம் எடுத்து, பலரிடம் பேசி, வேண்டாம் என்ற பதிலுக்கும் தயாராக இருப்பதைத் தவிர வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

பூட்டிவைத்தால் மொழி அதற்குள்ளேயே செத்துவிடாதா என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வாம்பனோவாக் மக்களைக் காட்டலாம். மாசசூசெட்ஸ் கரையோரத்தில் வாழும் அவர்களின் மொழியைப் பேச நூறு ஆண்டுக்கும் மேலாக ஒருவர்கூட இல்லாமல் இருந்தது. இருந்ததெல்லாம் 1663-ல் அச்சான பைபிள் மொழிபெயர்ப்பு, பழைய நிலப் பத்திரங்கள், கடிதங்கள். ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் 1993-ல் அந்தத் தாள்களிலிருந்து மொழியை எழுப்பும் வேலையைத் தொடங்கினார், அதற்காக மொழியியலும் படித்தார். தம் மகளை அந்த மொழியிலேயே வளர்த்தார். ஏழு தலைமுறைக்குப் பிறகு அதைத் தாய்மொழியாகப் பெற்ற முதல் குழந்தை அவள். மொழி வகுப்புகளைத் தம் மக்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் மட்டுமே வைத்துக்கொண்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு வளர்த்த மொழிதான் அது.

இதைப் படிப்பவர்களில் சிலர் செயலி எழுதுகிறவர்களாக, மாணவர்களாக, பதிவுக் கருவியோடு ஊர் ஊராகப் போகிறவர்களாக இருக்கலாம். எதிரில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், கைபேசி தயாராக இருக்கிறது. பதிவுப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: இது யார் யார் கேட்கலாம்? இதை வைத்து ஒரு கணினிக்குப் பேசக் கற்றுக்கொடுக்கலாமா? அப்படியென்றால் என்ன என்று அவர் கேட்டால், அவருக்குப் புரியும்வரை சொல்லுங்கள். நாளைக்கு வேண்டாம் என்று தோன்றினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு பெயரும் எண்ணும் எழுதிக் கொடுங்கள். பயிற்சிக்குப் போய்விட்ட குரலை அந்த மென்பொருளிலிருந்து திரும்ப உருவுவது இன்றைக்கு மிகவும் கடினம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்புறம், ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் பதிவின் ஒரு நகலை அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.